நோவும் தைலச் சிமிழும்

"எங்கே நோகிறது? கொஞ்சம் தைலம் பூசு!" தெமட்டகொடையில் நாம் அறிந்த வீடுகளுள் சித்தாலேபவோ அமிர்தாஞ்சனமோ இல்லாத வீடு அரிது. பின்னையது 1893ஆம் ஆண்டிலே பம்பாயில் நாகேஸ்வரராவ் என்பார் தொடக்கியது.

இவ்வகைத் தைலங்கள் பலவற்றிலுள்ள மெந்தோல், தோலிற் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அக்குளிர்ச்சியிலே நோவு சற்று மறைகிறது. சிறு தசைப்பிடிப்புக்கு அது போதும். இப்பொழுது விற்பனையாகும் மக்னீசியத் தைலத்தின் பயனுக்கோ சான்று மிகக் குறைவு. கற்பூரம் கலந்ததைக் கைக்குழந்தைக்குப் பூசலாகாது.

ஆனால், நெஞ்சில் எழுந்து இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு மாரடைப்பின் அறிகுறியாகலாம். அங்கே தைலம் தேய்த்துக் காலத்தைப் போக்குதல் பேராபத்து. 1990 என்னும் இலக்கத்தை உடனே அழைத்தால், சுவசெரிய இலவச நோயாளர் வண்டி வரும்.

சிமிழைத் திறக்குமுன், நோவு எங்கே, எப்போது தொடங்கியது என்று நாம் கேட்டறிவோமாக!