முதல் அடி கைக்கு

கராத்தே கற்கப் போனால் வெறுங்கையில்தான் ஆரம்பிப்பார்கள். பிலிப்பைன்ஸின் அர்னிஸில் முதல் வகுப்பிலேயே பிரம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சுமார் 70 செ.மீ. நீளம். அடிமுனையில் நாலு விரற்கடை வெளியே விட்டுப் பிடிக்க வேண்டும். எதிராளி நெருங்கிவிட்டால் அந்த முனையாலேயே இடிக்கலாம். பிரம்பு சிராய் சிராயாகத் தெறிக்காது, நார்நாராகப் பிய்யும். இரண்டு பிரம்புகள் வேகமாக மோதினால் தீய்ந்த வாடை அடிக்கும்.

செபு நகரில் மருத்துவம் படித்த காலத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். அங்கே எஸ்க்ரிமா என்பார்கள். இதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. எதிரே இருக்கும் மக்தான் தீவில்தான் 1521-ல் தீவுத் தலைவர் லாபுலாபுவின் வீரர்கள் கடலோடி மெகல்லனைக் கொன்றார்கள். 'தோசே பாரெஸ்' எஸ்க்ரிமா சங்கம் 1932-ல் செபுவில் பிறந்தது. அதில் இருந்த வெனான்சியோ பேக்கன் 1952-ல் 'பாலிந்தவாக்' என்ற ஒற்றைக் கம்பு முறையைத் தொடங்கினார். அது ஒரு தெருவின் பெயர். 2009-ல் அந்நாட்டு அரசு அர்னிஸைத் தேசிய தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் சட்டம் போட்டு அறிவித்தது.

பெண்கள் இதைக் கற்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே அடிகளை ஆயுதத்தை வைத்துப் பிரிப்பதில்லை, வரும் திசையை வைத்துப் பிரிக்கிறார்கள். பல பள்ளிகளில் மொத்தம் 12 திசைகள். முதலாவது உங்கள் இடது நெற்றிப்பொட்டை நோக்கி மேலிருந்து சாய்வாக வரும். வருவது கம்போ, பாட்டிலோ, முஷ்டியோ, விலக வேண்டிய பாதை ஒன்றுதான். நேராகப் பின்வாங்காமல் சாய்வாகக் காலை எடுத்து வைக்கிறோம். கம்பில்லாத கையும் சும்மா இருக்காது. எதிராளியின் கையைத் தடுக்கும், தள்ளும், பிடிக்கும்.

அடிக்க வேண்டிய இடமும் அந்தக் கைதான். தலையையோ வயிற்றையோ தேடிப் போனால் அவனுடைய வீச்சுக்குள் நாம் போய் நிற்க வேண்டும். கையோ நம்மை நோக்கித் தானாகவே வருகிறது. பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதற்குப் பெயர். புறங்கையில் எலும்புகளுக்கு மேல் தோலும் நரம்பும்தான், சதைப்பற்றே கிடையாது. குடையின் கைப்பிடியோ கனமான டார்ச்சோ அங்கே பட்டால் பெரிய உடம்புக்காரனுக்கும் பிடி தளரும்.

கத்தி விஷயத்தில் மட்டும் யாரும் ஆசை காட்டக் கூடாது. எங்கள் வகுப்பில் மரக்கத்தியின் ஓரத்தில் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு பயிற்சி செய்வோம். சில நொடிகளில் முன்கை, உள்ளங்கை, சட்டை எல்லாம் சிவப்புக் கோடுகள். சினிமாவில் கத்தி ஒரே தடவை நீண்டு அப்படியே நிற்கும். நிஜத்தில் பின்னுக்குப் போய்த் திரும்பத் திரும்பக் குத்த வருகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் கத்திக்குத்துப் பட்டு வந்தவர்களின் கைகளிலும் அதே இடங்களில் அதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன், ரத்தத்தில். ஆகவே பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வழி இருந்தால் ஓடுங்கள். இரண்டும் முடியாதபோது பையையோ நாற்காலியையோ குறுக்கே பிடித்து, கையை அடித்து, அவன் தடுமாறும் கணத்தில் வெளியேறுங்கள். கத்தியைப் பறிப்பது கடைசியிலும் கடைசி.

வகுப்பில் சேரும் முன் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். இரட்டைக் கம்புகளை மாற்றி மாற்றி மோதும் சினவாலி கண்ணுக்கு அழகு, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. ஆனால் அடுத்த அடி எது என்று இருவருக்குமே முன்கூட்டியே தெரியும். அதோடு நிறுத்தும் ஆசிரியர் வேண்டாம். தலைக்கவசமும் கையுறையும் மாட்டி, சொல்லாத திசையிலிருந்து, விட்டுக்கொடுக்காத இணையோடு மோத வைக்கிறாரா? ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் கதவை நோக்கி ஓடச் சொல்கிறாரா? அப்படியானால் அன்றைக்கே பணம் கட்டிச் சேருங்கள்.