புதிய மருத்துவ ஆய்வுகள் இனி உங்கள் மின்னஞ்சலிலேயே!

யானைக்கவுனி, ராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் சிறிய கிளினிக் நடத்தும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் என எல்லோருக்கும் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். மருத்துவ அறிவு வேகமாக மாறுகிறது, படிக்கத்தான் நேரமில்லை.

படிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? காசநோயையே எடுத்துக்கொள்வோம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்த முடியும் என்று காட்டியது. முடிவுகள் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாகி, உலகம் முழுக்க சிகிச்சை முறையையே மாற்றின.

இன்றும் அதே கதைதான். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு 20 மாதங்கள் வரைகூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. நான்கு மருந்துகள் கொண்ட 6 மாத சிகிச்சையை மத்திய சுகாதாரத் துறை 2024 செப்டம்பரில் அறிவித்தது. இது தெரிந்த மருத்துவரிடம் போகும் நோயாளிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் மிச்சம்!

சரி, எங்கே தொடங்கலாம்?

1. கல்லூரி நூலகம்: 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் இணையவழியில் படிக்கலாம். உங்கள் கல்லூரி இதில் சேர்ந்திருக்கிறதா, எப்படி உள்ளே நுழைவது என்பதை நூலகரிடம் கேளுங்கள்.

2. பப்மெட்: கல்லூரியில் இல்லாதவர்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்த இணையதளத்தில் 3.5 கோடிக்கும் அதிகமான மருத்துவக் கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. முழுக் கட்டுரை வேண்டுமானால் 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

3. அலர்ட்: தினமும் தேடிக்கொண்டே இருக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய தலைப்பை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடுங்கள். தேடல் பெட்டிக்குக் கீழே இருக்கும் 'கிரியேட் அலர்ட்' என்பதை அழுத்துங்கள். கூகுள் கணக்கு மூலமாகவே உள்ளே நுழையலாம். தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என எப்போது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். புதிய கட்டுரை வந்தால் பட்டியல் மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

ஆரம்பத்தில் இரண்டு தலைப்புகள், வாரம் ஒரு அலர்ட் போதும். நிறைய வைத்தால் மின்னஞ்சல் குவிந்து, கடைசியில் எதையும் திறக்க மாட்டோம்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, விலங்குகளிடமா? எத்தனை பேர் பங்கேற்றார்கள்? திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா? இவற்றை முதலில் பாருங்கள். ஒரே ஒரு ஆய்வை நம்பி முடிவுக்கு வராமல், பல ஆய்வுகளைத் தொகுத்து அலசும் மறுஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை: கட்டுரையைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. அதை மருத்துவரிடம் காட்டி, "இது எனக்குப் பொருந்துமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.