சரளைப்பாதை மிதிவண்டிச் சட்டகம்

சரளைப்பாதை மிதிவண்டி என்பது தார் இடப்படாத சரளைக்கல் சாலைகள், மண்பாதைகள், காட்டுவழிகள் ஆகியவற்றில் நெடுந்தொலைவு ஓட்டுவதற்கென வடிவமைக்கப்படும் மிதிவண்டி வகையாகும். சாலைப் பந்தய மிதிவண்டியைப் போன்று கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியைக் கொண்டிருப்பினும், 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர்களை ஏற்கும் இடைவெளியும் டிஸ்க் பிரேக்கும் இதனை வேறுபடுத்துகின்றன. இதன் சட்டகம் எஃகு, தைட்டானியம் ஆகியவற்றாலும் செய்யப்படுகின்றது. எனினும் விற்பனைக்கு வருவனவற்றுள் பெரும்பாலானவை அலுமினியக் கலப்புலோகத்தாலோ, கார்பன் என்று பொதுவழக்கில் சுட்டப்படும் கரிம இழைக் கூட்டுப்பொருளாலோ ஆனவை. இவ்விரண்டில் எதனைத் தெரிவது என்ற வினாவில் எடையும் சொகுசும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. அடிபட்ட பின் சட்டகம் நம்பத்தக்கதா என்பது குறைவாகவே பேசப்படுகின்றது. கல் தெறிக்கும் பாதையில் ஓடும் வண்டிக்கு இக்கடைசி வினாவே முதன்மையானது.

வரலாறு

அமெரிக்காவின் கேன்சசு மாநிலத்தில் உள்ள பிளின்ட் ஹில்ஸ் பகுதியின் பாதைகள் கூரிய விளிம்புடைய சக்கிமுக்கிக் கற்களால் ஆனவை. அங்குள்ள எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 200 மைல் (ஏறத்தாழ 320 கிலோமீட்டர்) பந்தயம் இவ்வகை ஓட்டத்தைப் பரவலாக அறியச் செய்தது. 2020ஆம் ஆண்டில் அதன் பெயர் அன்பவுண்ட் கிராவல் என மாற்றப்பட்டது. தொடக்கத்தில் சைக்குளோகிராஸ் வண்டிகளும் மலை மிதிவண்டிகளுமே இத்தகைய பந்தயங்களில் ஓடின. சரளைப் பந்தயத்திற்கென்றே தயாரிக்கப்பட்ட முதல் வண்டிகளுள் ஒன்றான சால்சா வார்பேர்ட் 2012இல் அலுமினியத்திலும் தைட்டானியத்திலும் வெளிவந்தது. அதன் கரிம இழை வடிவம் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. உலக மிதிவண்டி ஒன்றியம் 2022இல் இத்தாலியில் முதலாவது சரளைப்பாதை உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது.

இப்பொருள்களைப் பற்றிய பொதுக்கருத்து சாலைப் பந்தயங்களிலிருந்து வந்ததாகும். 1986இல் கிரெக் லெமோன்ட் கரிம இழைக் குழாய்களாலான சட்டகத்தில் டூர் டி பிரான்சை வென்றார். அலுமினியச் சட்டகத்தில் அப்பந்தயத்தை இறுதியாக வென்றவர் 1998இல் மார்க்கோ பன்டானி ஆவார். அதன் பின்னர் அலுமினியம் "இரண்டாம் தரப் பொருள்" எனக் கருதப்படலாயிற்று. இக்கருத்து வழவழப்பான தார்ச்சாலையில், 23 மில்லிமீட்டர் டயரில், நொடிகளை எண்ணி ஓடுவோருக்குரியது என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

பொருட்பண்புகள்

அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், யங் குணகம் ஏறத்தாழ 69 கிகாபாஸ்கல். இரண்டுமே எஃகின் மதிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. எனவே எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாய் செய்தால் அது எளிதில் வளையும். இதனை ஈடுசெய்யவே அலுமினியக் குழாய்கள் பருமனாகச் செய்யப்படுகின்றன. சுவர்த்தடிமன் மாறாதிருக்க விட்டம் இருமடங்கானால் குழாயின் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

6061, 7005 ஆகியவை சட்டகங்களில் பயன்படும் கலப்புலோகங்களுள் குறிப்பிடத்தக்கவை. முன்னதில் மக்னீசியமும் சிலிக்கனும், பின்னதில் துத்தநாகமும் முதன்மையான கலப்புத் தனிமங்கள். பற்றவைப்பின் வெப்பத்தால் உலோகம் இழக்கும் வலிமையை மீட்க, 6061 சட்டகம் முழுவதையும் உயர்வெப்பத்தில் சூடாக்கி, விரைந்து குளிர்வித்து, பின்னர் மிதவெப்பத்தில் முதிர்விக்க வேண்டும். 7005க்கு முதிர்வித்தல் மட்டுமே போதும்.

கரிம இழை தனித்து நிற்கும் பொருளன்று. எப்பொக்சி பிசினில் பதிந்த இழைகளின் அடுக்குகளே சட்டகமாகின்றன. பொதுத்தர இழையின் யங் குணகம் நீளவாக்கில் சுமார் 230 கிகாபாஸ்கல். குறுக்குவாக்கில் கூட்டுப்பொருளின் வலிமை பிசினின் வலிமையை ஒட்டியதே. ஆதலால் விசை எத்திசையில் வரும் என்பதை முன்னறிந்து இழைகளை வெவ்வேறு கோணங்களில் அடுக்குகின்றனர். மிதிகட்டை அச்சுப் பகுதியை விறைப்பாகவும் இருக்கைப் பகுதியை நெகிழ்வாகவும் ஆக்க இம்முறை இடமளிக்கின்றது. பிசின் ஊட்டிய தாள்களை வெட்டி அச்சில் அடுக்கும் வேலை பெரும்பாலும் கையால் செய்யப்படுவது. விலை உயர்வுக்கு அதுவும் ஒரு காரணம். வடிவமைப்பாளர் எதிர்பாராத திசையில் விழும் அடியே இச்சட்டகத்தின் நலிவு.

அதிர்வும் சொகுசும்

"அலுமினியம் உலுக்கும், கார்பன் உறிஞ்சும்" என்பது பரவலான நம்பிக்கை. டயர், சக்கரம், சட்டகம், இருக்கைத் தண்டு, இருக்கை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுருள்விற்களைப் போன்றவை. அவ்வாறான அடுக்கில் மிக மென்மையான வில்லே பெரும்பகுதி அசைவை ஏற்கும். காற்றழுத்தம் குறைந்த 45 மில்லிமீட்டர் டயர் ஒரு கல்லின் மீது ஏறும்போது பல மில்லிமீட்டர் அமுங்குகின்றது. முக்கோணங்களால் கட்டப்பட்ட சட்டகம், எப்பொருளாலானதாயினும், செங்குத்தாக அமுங்கும் அளவு அதனை நோக்க மிகச் சிறியது. அடுத்து அசைவை ஏற்பது சட்டகத்திற்கு வெளியே நீண்டிருக்கும் இருக்கைத் தண்டு. எனவே அலுமினியச் சட்டகத்தில் டயரின் காற்றழுத்தத்தைச் சிறிது குறைத்து, 27.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கரிம இழைத் தண்டினைப் பொருத்தினால், பொருள் வேறுபாட்டால் உணரப்படுவதில் பெரும்பகுதி மறைந்துவிடும். இன்றைய அலுமினியச் சரளை வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்கவை கரிம இழையாலேயே அமைந்திருப்பதும் கருதத்தக்கது.

எடை

அலுமினியச் சரளைச் சட்டகம் பொதுவாக ஒன்றரை கிலோகிராமை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். கரிம இழைச் சட்டகம் பெரும்பாலும் ஒரு கிலோகிராமை ஒட்டியது. வேறுபாட்டை 600 கிராம் எனக் கொள்வோமாயின், 500 மீட்டர் உயரம் ஏறுவதற்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல் 2,950 யூலை ஒட்டியது. 200 வாட் திறனில் மிதிப்பவருக்கு இது ஏறத்தாழ 15 நொடி. உலகப் போட்டியில் இது பொருட்படுத்தத்தக்கது. இரண்டு நீர்க்குப்பிகளும் உதிரிக் குழாயும் பழுதுக்கருவிகளும் சுமந்து செல்லும் பயணிக்கு, ஒரு குப்பி நீர் குறைந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

சேதமும் சோதனையும்

சரளைப்பாதையில் சட்டகத்தைத் தாக்குவன மூன்று: முன்சக்கரம் தெறித்தெறியும் கற்கள் கீழ்க்குழாயில் படுதல், வண்டி சரிந்து பாறையில் மோதுதல், சேறும் மணலும் உராய்தல்.

மூன்றாவது மிகவும் பொருட்படுத்தப்படாதது. டயருக்கும் சங்கிலியோரக் குழாய்களுக்கும் இடையில் சில மில்லிமீட்டரே இடைவெளி இருப்பின், ஒட்டிய சேற்றிலுள்ள மணல் சுழலும் டயரோடு சேர்ந்து உப்புத்தாள்போல் தேய்க்கின்றது. நாள் முழுதும் ஈரமண்ணில் ஓடினால் வண்ணம் நீங்கி இழை வெளிப்படலாம். இழையடுக்கு அறுபட்டால் வலிமையும் குறையும். பயணப் பைகளின் வார்களும் இவ்வாறே தேய்ப்பதால் அவற்றின் கீழ்க் காப்புப்படலம் ஒட்டுவது வழக்கம். அலுமினியமும் தேயும், ஆயினும் மெதுவாக.

மோதலில் இரு பொருள்களும் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. அலுமினியம் நசுங்கும், குழியும் வளைவும் கண்ணுக்குத் தெரியும். கரிம இழை நசுங்காமல் மீண்டு பழைய வடிவம் பெறலாம்; ஆயின் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். மேற்பூச்சில் ஒரு கீறல் மட்டுமே தெரியும்போது உள்ளே எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் அறிய இயலாது. நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது பழைய முறை. நல்ல பகுதி தெளிவான ஒலியையும் பிரிந்த பகுதி மந்தமான ஒலியையும் தரும். ஆனால் குழாயின் தடிமன் இடத்திற்கு இடம் மாறுவதாலும் ஒலி மாறுமாகையால் இதனை மட்டும் நம்புவது போதாது. உறுதியாக அறிய மீயொலிச் சோதனை தேவை. முன்கவையின் தண்டு சட்டகத்தின் தலைக்குழாயினுள் மறைந்திருப்பதால் பெரிய விழுதலுக்குப் பின் அதனைக் கழற்றிப் பார்ப்பதே முறையாகும். அது ஓட்டத்தின்போது முறிந்தால் ஓட்டுநர் முன்னோக்கி விழுவார்.

அலுமினியம் இதனால் முற்றிலும் அச்சமற்றது ஆகிவிடாது. எஃகுக்கு உள்ளதுபோன்ற சோர்வு எல்லை அலுமினியத்திற்கு இல்லை. அதாவது எவ்வளவு சிறிய சுமையாயினும் போதிய முறை திரும்பத் திரும்ப வந்தால் இறுதியில் விரிசல் தோன்றும். தயாரிப்பாளர்கள் குழாயைத் தடித்துச் செய்து இந்நாளைப் பல ஆண்டுகள் தள்ளிவைக்கின்றனர். விரிசல் பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்தில், மிதிகட்டை அச்சையோ தலைக்குழாயையோ ஒட்டித் தொடங்கும். வண்டியைக் கழுவும்போது அங்கு மெல்லிய கோடு தென்படுகின்றதா எனப் பார்த்தால் பெரும்பாலும் முன்னதாகவே பிடிபடும்.

பழுதுபார்ப்பும் பராமரிப்பும்

வியப்பாகத் தோன்றினும், பழுதுபார்க்க ஏற்றது கரிம இழையே. சேதமான பகுதியைச் சரிவாகத் தேய்த்து நீக்கி, புதிய அடுக்குகளைப் பிசினுடன் ஒட்டி இறுக்கும் தொழில் பல நாடுகளில் நடைபெறுகின்றது. விரிசலுற்ற அலுமினியத்தை மீண்டும் பற்றவைத்தால் வெப்பப் பதப்படுத்தலின் பயன் அவ்விடத்தில் அழிந்துவிடும். முழுச் சட்டகத்தையும் மீண்டும் பதப்படுத்துவது கட்டுப்படியாகாது. எனவே அது உருக்குவதற்கே போகும். உருக்கிய அலுமினியத்தை மீளப்பெறத் தேவைப்படும் ஆற்றல், தாதுவிலிருந்து பெறுவதில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே.

கரிம இழைப் பகுதிகளின் இறுக்காணிகளை முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனரால், தயாரிப்பாளர் அச்சிட்டுள்ள அளவுக்கே முடுக்க வேண்டும். மிகை முடுக்கத்தால் குழாய் நொறுங்கியதற்கு உத்தரவாதம் பொதுவாகக் கிடைப்பதில்லை. அலுமினியச் சட்டகத்தில் கரிம இழைத் தண்டினைச் செருகும்போது வேறொரு கவனம் வேண்டும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டிற்கும் இடையே கல்வானிய அரிப்பு ஏற்பட்டு, தண்டு கழற்ற முடியாதவாறு இறுகிவிடும். இதனைத் தடுக்க உரிய பசையைத் தடவி, ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் தண்டினைக் கழற்றித் துடைத்துச் செருகுவது நன்று.

தெரிவு

விலை ஒன்றாயிருக்கும் இரு வண்டிகளுள் அலுமினிய வண்டியில் சக்கரங்களும் டயர்களும் பற்சக்கர மாற்றியும் பெரும்பாலும் உயர்தரமாக அமைந்திருக்கும்; சரளையில் ஓட்டத்தின் தன்மையை மாற்றுவன அவையே. அடிக்கடி விழும் வாய்ப்புள்ள புதியவர், வண்டியைத் தொடர்வண்டியிலும் பேருந்தின் மேலும் ஏற்றிச் செல்பவர், சுமை கட்டிப் பல நாள் பயணிப்பவர் ஆகியோருக்கு அலுமினியம் பொருந்தும். செங்குத்தான ஏற்றங்களில் போட்டியிடுபவருக்கும், சோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் வசதியுள்ள ஊரில் வாழ்பவருக்கும் கரிம இழையின் கூடுதல் விலை பயனளிக்கும். பயன்படுத்திய சட்டகத்தை வாங்குவோர் நிலை சற்று வேறு. முந்தைய உரிமையாளர் சொல்லாத விழுதல்களை அலுமினியம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மறுவண்ணம் பூசிய கரிம இழைச் சட்டகமாயின், அதனை மீயொலிச் சோதனைக்கு உட்படுத்தும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.