பழங்காசும் மாதோட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன், மன்னாரிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் விடுமுறை கழிந்து திரும்பியபொழுது சிறு காசொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். வீட்டில் கிணறு வெட்டுகையில் அகப்பட்டதாம். "புளியிட்டு நன்றாய்த் தேய்த்தேன், ஐயா" என்றான் பெருமையுடன். காசு செவ்வொளி வீசிற்று. ஆயின் அதில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. எத்தனை அடி ஆழத்தில் அகப்பட்டது, உடன் ஓட்டுத் துண்டுகள் கிடந்தனவா என்று வினவினேன். அவன் அறியான்.

தமிழாசிரியனுக்குக் காசாராய்ச்சியில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரப் பதிகங்களைக் கற்பிப்பவன் மாதோட்டத் துறையின் வாழ்வையும் சிறிது அறிதல் வேண்டுமன்றோ? பாடல் அத்துறையின் சிறப்பைச் சொல்லும். அங்கே அரிசி வாங்கியவன் எதைக் கொடுத்து வாங்கினான் என்பதைக் காசுதான் சொல்லும்.

காசை எடைபோட்டு ஆராயும் வழக்கம் நமக்குப் புதிதன்று. உரோமப் பேரரசன் குளோடியசின் காலத்தில் (கி.பி. 41-54), அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனின் ஏவலாள் காற்றால் அடிபட்டு இலங்கைக் கரை சேர்ந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருத்தலைக் கண்டு, இலங்கை வேந்தன் உரோமரின் நேர்மையை வியந்தானாம். முகத்தைப் பாராது எடையைப் பார்த்த அவ்வேந்தனை முதல் நாணய ஆராய்ச்சியாளன் என்றே சொல்லத் தோன்றுகிறது! அவன் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் வியப்புக் குறைந்திருக்கும். கி.பி. 64 அளவில் நீரோ அக்காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். இருநூறாண்டு கழிவதற்குள் அது வெள்ளி பூசிய செம்பாகிவிட்டது.

போர்த்துக்கேயர் 1574 அளவில் மாதோட்டத்து இடிபாடுகளிற் கல் எடுத்தபொழுது, தேய்ந்த பொற்காசொன்றும் செப்புக்காசுகளும் கண்டனர். எஞ்சிய எழுத்தைக் கொண்டு அது குளோடியசின் காசாகலாம் என ஊகித்தார் வரலாற்றாசிரியர் கூட்டோ. எழுத்துத் தேய்ந்தபின் ஊகமன்றி வேறு வழி அவர்க்கு இல்லை. இன்று உண்டு.

முதலாவது வழி நம் கல்லூரி ஆய்வுகூடத்திலேயே செய்யத்தக்கது. காசை வளியில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்தால் அதன் தன்னீர்ப்பு வெளிப்படும். பொன்னுக்கு 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு ஏறத்தாழ 9. பொன்னிற் கலந்த வெள்ளியை இதனால் மதிக்கலாம். ஆனால் களிம்பேறிய செப்புக்காசில் இக்கணக்குப் பிழைக்கும். இரண்டாவது, எக்ஸ் கதிரைக் காசின்மேற் செலுத்துதல். ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய கதிரைத் திருப்பி வீசும். அதனைக் கொண்டு செம்பெவ்வளவு, ஈயமெவ்வளவு, வெள்ளீயமெவ்வளவு என்று கணிப்பர். காசுக்குச் சேதமில்லை. எனினும் இக்கதிர் மேற்றோலை மட்டுமே படிக்கும். நூற்றாண்டுகள் மண்ணிற் கிடந்த காசின் தோலும் உள்ளும் ஒன்றல்ல. மூன்றாவது, காரீயத்தின் சமதானிகளை, அதாவது நிறை வேறுபட்ட அணுக்களை, அளத்தல். அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுபடுதலால், உலோகம் எந்நாட்டிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று நாடலாம். பழங்காசை உருக்கிக் கலந்திருந்தால் விடை குழம்பும்.

இவற்றாற் பயன் என்ன? இலங்கையிற் கிடைத்த உரோமக் காசுகளிற் பெரும்பாலன கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக்காசுகள். அவற்றைப் போல இங்கேயே செய்துகொண்ட காசுகளும் பல. மிளகும் முத்தும் கொள்ளும் பெருவணிகனுக்குச் செப்புச் சல்லி எதற்கு? ஆகவே கடைத்தெருவிற் சில்லறைக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் மக்கள் தாமே அவற்றைச் செய்து வழங்கினர் எனக் கருத இடமுண்டு. எது வந்த காசு, எது இங்குப் பிறந்தது என்பதை உருவம் தேய்ந்தபின் எடையும் உலோகமுமே காட்ட வல்லன. பொன்னாயிருந்த இலங்கைக் காசு, பராக்கிரமபாகு காலமாகிய 12ஆம் நூற்றாண்டிற் செம்பாய் இறங்கிய கதையையும் உலோகமே உரைக்கும். போர்ச்செலவும் வணிக மாற்றமும் அதிற் பதிந்துள்ளன.

மாதோட்ட மேட்டில் 1980இல் யோன் காஸ்வெல் தொடங்கிய அகழ்வு, போரினால் 1984இல் நின்றது. அறிக்கை 2013இலேதான் நூலாயிற்று. அறிஞர் முறைப்படி தோண்டிய குழிகள் சில. கிணற்றுக்கும் அத்திவாரத்துக்கும் நம்மவர் தோண்டியவை எண்ணில. அவற்றில் அகப்பட்டவை தட்டார் பட்டறையிற் போயினவோ, புளியிற் கரைந்தனவோ! கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும் என்பது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். களிம்பு அழுக்கன்று, காசு கிடந்த மண்ணின் சான்று அதில் ஒட்டியிருக்கிறது.

அம்மாணவனை அழைத்து, நினைவிலிருந்தவற்றைத் தாளில் எழுதச் செய்தேன். வளவின் இடம், கிணற்றின் திசை, தண்ணீர் கண்ட ஆழம் ஆகியவற்றை எழுதினான். பின் தயங்கி, "புளியிட்டதையும் எழுதவோ, ஐயா?" என்றான். "அதைத்தான் முதலில் எழுது, தம்பி" என்றேன். தாளிற் பொதிந்த அக்காசைத் தந்தையாருடன் சென்று உரிய அலுவலரிடம் சேர்ப்பித்தான்.