அம்புலியைச் சுட்டிய விரல்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. எஞ்சிய மூன்றும் வேறுபடும். 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழன் மீது பாடிய பிள்ளைத்தமிழை எடுத்தாலும், 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை மீது பாடியதை எடுத்தாலும், அடிப்படை ஒழுங்கு அதுவே. மாணவியாக இருந்த நாளில் இவ்வரிசையைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். பத்தையும் பிழையின்றி எழுதினால் புள்ளி கிடைக்கும். அதற்குமேல் அதனோடு எனக்கு உறவு இருக்கவில்லை. மடியில் ஒரு குழந்தை வந்த பிறகுதான் அப்பெயர்களுக்கு உயிர் உண்டென்பது தெரிந்தது. ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தையை ஒருமுறை கண்டவர்க்குச் செங்கீரைக்கு உரை வேண்டியதில்லை. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணியும் அவ்வாறே. புலவர்கள் குழந்தையைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள். அல்லது நோக்கியவரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வீட்டில் நோக்கியவர் யார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நம் நாட்டில் இப்போது பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறொரு பிள்ளைத்தமிழ் எழுதப்படுகிறது. பிள்ளைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு என்று அதற்குப் பெயர். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். மாதந்தோறும் நிறை நிறுக்கப்படுகிறது. நிற வலயங்கள் தீட்டிய தாளில் ஒரு புள்ளி இடப்படுகிறது. புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரையப்படுகிறது. கோடு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். அது ஒரு மாதம் சோம்பிப் படுத்துவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் உறக்கத்தை இழப்பார்கள். காப்புப் பருவத்துக்குத் திருமாலை அழைத்த புலவரைப்போல நாங்கள் தடுப்பூசி அட்டவணையை அழைக்கிறோம். இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. என் அம்மம்மா பெற்ற எட்டுப் பிள்ளைகளில் மூவர் இரண்டு வயதைக் காணவில்லை. கோடும் ஊசியும் இல்லாத காலத்தின் கணக்கு அது.

பதிவேட்டுக்குப் புறம்பாக நானும் ஒரு கொப்பி வைத்திருந்தேன். இது புதுமையன்று. சாள்ஸ் டார்வின் 1839 இல் பிறந்த தம் முதல் மகனைக் குறித்து நாட்குறிப்பு எழுதி, அதனை 37 ஆண்டுகள் கழித்து, 1877 இல், கட்டுரையாக வெளியிட்டார். சுவிற்சர்லாந்து நாட்டு ஜீன் பியாஜே தம் மூன்று பிள்ளைகளையும் நோக்கி நூல்களே எழுதினார். விளையாட்டுப் பொருளைத் துணியால் மூடினால் ஆறு மாதக் குழந்தை அதைத் தேடுவதில்லை, மறைந்தது இல்லாதது ஆகிவிடுகிறது, ஓராண்டு முடிவதற்குள் தேடத் தொடங்குகிறது என்று அவர் காட்டியது புகழ்பெற்ற செய்தி. அதை நானும் ஒரு கைக்குட்டையைக் கொண்டு செய்து பார்த்தேன். எட்டரை மாதத்தில் என் மகள் கைக்குட்டையை இழுத்தெறிந்து கரண்டியை எடுத்துக்கொண்டாள். ஆனால் பெரியோர் இருவரின் குறிப்புகளுக்கும் என் கொப்பிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தந்தையர். என் கொப்பியில் பல பக்கங்கள் பாதி வாக்கியத்தில் நிற்கின்றன. “இன்று முதன்முறையாக” என்று தொடங்கி அப்படியே விடப்பட்ட நாள்கள் பதினொன்று. அன்று முதன்முறையாக என்ன நிகழ்ந்தது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். யாழ்ப்பாணத்தில் இது விடாத வழக்கம். குழந்தையைப் பாயில் இருத்தித் தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்த கொழுக்கட்டைகளை உதிரச் செய்வார்கள். எதிரே புத்தகம், பேனை, நகை, கண்ணாடி என்று பலதும் பரப்பியிருக்கும். எதை எடுக்கிறதோ அதுவே எதிர்காலம். கூடியிருந்தோர் மூச்சடக்கிப் பார்த்திருக்க, என் மகள் மடியில் விழுந்த கொழுக்கட்டையையே எடுத்து வாயில் வைத்தாள். புத்தகத்தை அவளுக்கு அருகே நகர்த்திய என் தகப்பனாரின் முகம் வாடியது. “சாப்பாட்டுக்குக் குறைவிராது” என்றார் மாமி.

நடையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் குழந்தைகளை நோக்கி 2006 இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கும் வயது 8.2 மாதம் தொடக்கம் 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்று மனம் புழுங்கும் தாய்மார் இந்த அகலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 2012 இல் அமெரிக்க ஆய்வாளர் கேரன் அடொல்பும் தோழரும், நடைபழகும் குழந்தை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்து 17 தடவை விழுகிறது என்று எண்ணிச் சொன்னார்கள். எண்ணியவரின் பொறுமையை வியக்கிறேன். பிள்ளைத்தமிழில் விழுதற் பருவம் என்று ஒன்று இல்லாதது பெருங்குறை. மற்றுமொன்றும் உண்டு. வருகைப் பருவத்தில் புலவர் குழந்தையை ‘வருக’ என்று அழைக்கிறார். நடக்கத் தொடங்கிய குழந்தையோ முதலிற் செய்வது நம்மிடமிருந்து அப்பாற் செல்வதுதான். படலையை நோக்கி ஓடும் பிள்ளையின் பின்னே ஓடியவர்க்கே அப்பாட்டில் எத்துணை ஏக்கம் உள்ளதென்பது விளங்கும்.

எங்களுக்கு இடர் வந்தது பேச்சிலே.

முதலாண்டு நிறையும்போது ஒன்றிரண்டு சொற்கள், இரண்டாண்டு நிறையும்போது இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லல் என்பது பொதுக் கணக்கு. என் மகளுக்கு 20 மாதம் ஆனபோது மூன்றே ஒலிகள் இருந்தன: ‘ம்மா’, ‘பா’, வேண்டாதபோது ‘ம்ம்’. மற்றெல்லாம் கையாலும் கண்ணாலும் நடந்தன. உற்றார் ஆளுக்கொரு காரணம் கூறினர். கைத்தொலைபேசியே காரணம் என்றார் ஒருவர். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியதை அறிந்து, அதனைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்திருந்த வீடு எங்களுடையது. பொம்பிளைப் பிள்ளைகள் கெதியாய்க் கதைக்குமே என்று ஒருவர் வியந்தார். மாமி மட்டும் என் தோளைத் தொட்டு, “உன்ரை மனுசனும் மூண்டு வயசிலைதான் வாய் திறந்தவன். பயப்பிடாதை பிள்ளை” என்றார். அன்பினாற் சொன்ன சொல் அது. எனினும் அன்பு ஒரு பரிசோதனை ஆகாது.

வைத்தியர் ஒரு பெண்மணி. எத்தனை சொல் சொல்கிறாள் என்று அவர் கேட்பார் என எண்ணிச் சென்றேன். அவர் கேட்டவை வேறு. சொன்னதை விளங்கிக்கொள்கிறாளா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாளா? தான் கண்ட பொருளை விரலாற் சுட்டிக் காட்டுகிறாளா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா?

கடைசிக் கேள்விக்கு என் கொப்பியில் விடை இருந்தது. 14 ஆம் மாதம், ஒரு மாலை, முற்றத்தில் என் இடுப்பில் இருந்தவள் வேப்பமரத்துக்கு மேலே எழுந்த நிலவைச் சுட்டினாள். உடனே திரும்பி என் கண்களைப் பார்த்தாள். மீண்டும் நிலவைப் பார்த்தாள். இதைக் கேட்ட வைத்தியரின் முகம் தெளிந்தது. அத்தெளிவின் காரணத்தைப் பின்னர் தேடிப் படித்தேன். எலிசபெத் பேட்ஸ் என்பாரும் அவர்தம் இத்தாலியத் தோழியரும் 1975 இல் எழுதிய ஆய்வில், குழந்தை சொல்லாற் செய்யப்போவதை அதற்கு முன்பே விரலாற் செய்துவிடுகிறது என்று காட்டினர். வேண்டும் என்று சுட்டுவது ஒன்று. நீயும் பார் என்று சுட்டுவது மற்றொன்று. பின்னையதில் மூவர் உளர்: குழந்தை, பொருள், அதனைத் தன்னோடு சேர்ந்து நோக்கும் இன்னோர் உள்ளம். மொழிக்கு வேண்டிய நிலம் அங்கே பண்பட்டுவிட்டது. விதை விழுவதே மீதி.

இப்போது அம்புலிப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வயதை ஒட்டி அதனை வைத்தார்கள். சாம பேத தான தண்டம் நான்கும் தோன்றச் சந்திரனை விளையாட அழைக்க வேண்டும் என்பதால் பத்துப் பருவங்களிலும் பாடுதற்கு அரியது இதுவே என்பர். பண்டிதர்கள் அவ்வருமையையே விதந்து பேசுவார்கள். எனக்கு அதிலும் பெரிதாகத் தோன்றுவது, இத்தனை நூற்றாண்டுகளாகத் தமிழ்த் தாய்மார் குழந்தைக்கு ஊட்டும்போது முதலிற் சுட்டிக் காட்டியது தொடவோ எடுக்கவோ முடியாத ஒரு பொருளை என்பதே. பந்தைக் காட்டினால் குழந்தை பந்தைக் கேட்கும். நிலவைக் கேட்டாலும் கிடையாது. சேர்ந்து பார்ப்பது ஒன்றே அதனோடு செய்யக்கூடியது.

விரல் சரியாக இருந்தது, தவறு செவியிலே. ஒரு சிறு கருவியின் முனையைக் காதில் வைத்துக் காற்றமுக்கத்தை மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளந்தார்கள். அசைவு மிகக் குறைவு. தடிமன் வந்து போன பிறகு செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கி நின்றது. சிறு பிள்ளைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலாகவும் ஏறத்தாழக் கிடையாகவும் இருப்பதால் நீர் வடிவதில்லை. மழலைப் பருவத்தில் இது மிகப் பொதுவான நோய் என்றார் வைத்தியர். வலி இல்லை, காய்ச்சல் இல்லை; ஆகையால் யாருக்கும் தெரிவதில்லை. குளத்தில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையிலுள்ளோர் பேச்சு கேட்பதுபோல அவளுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்கிறது.

குழந்தை மொழியைக் குறித்து 1941 இல் நூலெழுதிய றோமன் யாக்கோப்சன், இதழால் ஒலிக்கும் மகர பகரங்களே முதலில் வரும் என்றார். என் மகளின் மூன்று ஒலிகளும் இதழொலிகளே. இதழொலி காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் தெரிவது. நீருக்கு அடியிலிருந்து எங்கள் வாயைப் பார்த்து அவள் சேர்த்து வைத்த செல்வம் அவ்வளவுதான் போலும் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துள் நீர் தானே வற்றிவிடும், அதுவரை பொறுத்து மீண்டும் அளப்போம், வற்றாவிடில் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தலாம் என்றார்கள். அம்மூன்று மாதமும் வீட்டின் ஒழுங்கு மாறியது. பேசும்போது அவள் முகத்துக்கு நேரே குந்தியிருந்து பேசினோம். வானொலி அடங்கியது. மின்விசிறி இரைந்தால் நிறுத்தினோம். மாமி தம் பழைய கதைகளை அவளை மடியில் எதிர்முகமாக இருத்தி மெல்ல மெல்லச் சொன்னார். இதற்கு முன் அவர் மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்த காலம் வேறில்லை. அவ்வமைதி எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இரண்டாம் அளவையில் செவிப்பறை நன்கு அசைந்தது. அதற்குச் சில நாள் முன்பே, 23 ஆம் மாதத்தில், ‘கோயி’ என்று ஒரு சொல் வந்துவிட்டது. முற்றத்துக் கோழிக்கு அது. பிறகு வந்தவற்றைக் கொப்பியில் இறக்கக் கை போதவில்லை. முதலில் எண் இட்டு எழுதினேன். 140 உடன் விட்டுவிட்டேன்.

சொல்லைவிட இலக்கணமே வியப்பு. நம் பகுதியில் பிள்ளைகளோடு ‘வாங்கோ, இருங்கோ’ என்று பேசிப் பழக்குவது வழக்கம். அதனால் மகளும் சோற்றுக்கு வந்த காகத்தைப் பார்த்து “போங்கோ” என்கிறாள். நாய்க்கும் அதே மரியாதை. சில மாதம் தன்னைக் குறிக்க ‘உங்களுக்கு’ என்றாள். எல்லோரும் அவளை அப்படித்தானே அழைக்கிறார்கள்? “உங்களுக்குப் பால் வேணுமோ” என்று அவள் கேட்டால், பால் வேண்டியவள் அவள். ஓடினன், பாடினன் என்பவற்றைக் கேட்டவள் விழுந்தபோது “விழினன்” என்றாள். அச்சொல்லை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆகவே கேட்டுச் சொன்னதன்று. விதியைத் தானே கண்டுபிடித்து, அது செல்லாத இடத்திலும் செலுத்தினாள். பொருளில்லாத புதுச்சொற்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் பன்மையும் இறந்தகாலமும் ஆக்குவதை ஜீன் பேர்க்கோ 1958 இல் காட்டினார். பிள்ளை சொல்லும் பிழைகளிற் பல அதன் அறிவுக்குச் சான்று என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நண்பர்கள் திருத்தும் சிவப்புப் பேனையை எடுக்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று. “விழினன்” ஐந்து வாரம் வாழ்ந்து மறைந்தது. அது போனதில் எனக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

இப்போது வயது மூன்று. நேற்று என்பது இன்று காலையையும் உள்ளடக்கிய சென்ற காலம் முழுவதும். நாளைக்கு என்பது இனி வருவதெல்லாம். ‘ஏன்’ தொடங்கிவிட்டது. தடிமன் வரும்போதெல்லாம் காதில் நீர் மீண்டும் தேங்கக்கூடும், பள்ளிக்குப் போகும் வயதுவரை கவனியுங்கள் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தக் கிழமை அவளுக்கு மூக்கு வடிகிறது. நேற்று மாலை அவள் விறாந்தையில் மண் சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் அறை வாசலில் நின்று, அவள் காணாதபடி, பெயரை மிக மெல்லச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தேன்.

“கேக்குது அம்மா, சொல்லுங்கோ” என்றாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.