வடம் பிடிக்கிறவரும் முட்டுக்கட்டை போடுறவரும்

போன எபிசோட்ல நான் வாய் கிழியக் கத்தினது ஞாபகம் இருக்கா? "பழைய லப்டொப்பை எறியாதேங்கோ, லினக்ஸ் போடுங்கோ, பறக்கும்" எண்டு. அது வெளிவந்து ஒரு கிழமை கூட ஆகேல்ல, மேல்மாடி மாமி கதவைத் தட்டினா.

"தம்பி, நீ போட்டுத் தந்த சாமான் நகருதே இல்ல. பிள்ளை அழுறாள்."

கூசேன்வில்ல எங்கட கட்டடத்தில ஒருத்தருக்கு ஒன்று நடந்தால் நாலு மாடிக்கும் தெரியும். அதனால முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமியின் மகள் தேர்மினால் படிக்கிறாள், என்.எஸ்.ஐ எடுத்திருக்கிறாள். வீட்டில் இருப்பது 2016இல் வாங்கிய ஒரு லப்டொப். உள்ளே ஓடுவது இன்டெல் ஐ5-6200யூ. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் புரோசஸரை ஏற்றுக்கொள்ளாது. அதனால நான்தான் பெருமையோட லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் நல்லா ஓடியது. பிறகு, பார்க்கூர்சூப்பில விருப்பங்களைப் பதியிற மார்ச் மாதம் கிட்ட வர, மெஷின் படுத்துவிட்டது. மாமி ஏற்கனவே ஒரு கடையில நாலு தவணைக்குப் புது லப்டொப் பார்த்து வைத்திருந்தா. 600 யூரோவுக்கு மேல. இரண்டு இடத்தில துப்புரவு வேலை செய்யிற மனுசி அவ.

"அண்ணா, நீங்கள் போட்ட லினக்ஸ்தான் பிழையோ?" தங்கச்சி நேராகவே கேட்டாள். எனக்குச் சுருக்கென்று குத்தியது.

முதல்ல வேகத்தைப் பார்த்தேன். லினக்ஸ் கேர்னல் இதை ஒளித்து வைப்பதில்லை. சிஸ் என்ற போல்டருக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று இறங்கிப் போனால், ஒவ்வொரு சிபியூவுக்கும் சிபியூஃப்ரெக் என்று ஒரு சின்ன போல்டர் இருக்கும். உள்ளே சாதாரண டெக்ஸ்ட் பைல்கள். ஒன்றில் இப்போதைய வேகம், இன்னொன்றில் அனுமதிக்கப்பட்ட ஆகக்கூடிய வேகம், மற்றொன்றில் "கவர்னர்" பெயர். ஆகக்கூடிய வேகம் 2.8 கிகாஹேர்ட்ஸ் என்று இருந்தது. இப்போதைய வேகம் 400 மெகாஹேர்ட்ஸ். பிரவுசரில் பத்து டாப் திறந்தேன். 400. வீடியோ ஓட விட்டேன். அப்பவும் 400தான்.

கவர்னர் பைலைத் திறந்தால் "பவர்சேவ்" என்று எழுதியிருந்தது. ஆ, அகப்பட்டது கள்ளன்! அதை அழித்துப்போட்டு "பெர்ஃபாமன்ஸ்" என்று எழுதினேன்.

400.

இந்த இடத்தில கொஞ்சம் நிற்போம். நான் செய்த பிழையைத்தான் கனபேர் செய்கிறார்கள்.

புரோசஸர் ஏன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது? ஒரு சிப் வேலை செய்யும்போது இழுக்கிற மின்சாரம், வேகத்தோட நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். லாபம் வருவது அங்கேதான். ஒரு கணக்குப் பாருங்கோ: வேகத்தைப் பாதியாக்கி, வோல்டேஜை 1இல் இருந்து 0.8க்கு இறக்கினால், பவர் 0.5 × 0.64, அதாவது 0.32 ஆகிவிடும். வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் எடுத்தாலும், செலவான மொத்த சக்தி 0.64தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல மிச்சம். ஆனால் அந்த நேரம் முழுக்க ஸ்கிரீனும் மெமரியும் கரண்ட் குடித்துக்கொண்டு இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால சிலவேளை வேகமாக ஓடி வேலையை முடித்துப்போட்டுத் தூங்குவதுதான் மலிவு. எப்ப மெதுவாக நடப்பது, எப்ப ஓடுவது? இதுதான் முப்பது வருசமாக நடக்கிற வழக்கு.

1994இல், ஸெராக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் இருந்த மார்க் வைசரும் கூட்டாளிகளும், வேலைப்பளுவைப் பார்த்து ஒபரேற்றிங் சிஸ்டமே புரோசஸர் வேகத்தை மாற்றினால் எவ்வளவு சக்தி மிச்சம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். 2000 ஜனவரியில் ட்ரான்ஸ்மெட்டா என்ற கம்பனி குரூஸோ என்ற புரோசஸரை வெளியில் விட்டது. அதில் "லோங்ரன்" என்று வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்து மாற்றும் வசதி இருந்தது. அப்போது அந்தக் கம்பனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களில் ஒருவர், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வல்ட்ஸ்! அதே மாதம் இன்டெலும் மொபைல் பென்டியம் 3இல் ஸ்பீட்ஸ்டெப்பைக் கொண்டுவந்தது.

லினக்ஸில் இதற்கான பகுதிக்குப் பெயர் சிபியூஃப்ரெக். அதற்குள் முடிவெடுக்கிற துண்டுக்குத்தான் கவர்னர் என்று பெயர். (ஆளுநர் இல்லை மக்கள், இவர் உண்மையிலேயே வேலை செய்வார்.) பெர்ஃபாமன்ஸ் எப்பவும் உச்சியில் நிற்கும். பவர்சேவ் எப்பவும் அடியில். 2004இல் ஆன்டிமாண்ட் வந்தது. இடைக்கிடை எட்டிப் பார்த்து, சிபியூ நிரம்பி வழிந்தால் ஒரேயடியாக உச்சிக்குத் தூக்கும், இல்லாவிட்டால் இறக்கும். 2006இல் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இன்டெலைச் சேர்ந்த வெங்கடேஷ் பல்லிபாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் இதைப்பற்றி விளக்கமாக எழுதினார்கள். 2016இல் கேர்னல் 4.7ஓட ஷெட்யூட்டில் வந்தது. இது எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. எந்த வேலைக்கு எந்தச் சிபியூ என்று பிரித்துக் கொடுக்கிற ஷெட்யூலரிடமே "எவ்வளவு வேலை இருக்கு?" என்று கேட்கும். வருகிற கணக்கை 1.25ஆல் பெருக்கி, கொஞ்சம் கைகாவலோட வேகத்தை வைக்கும். இன்றைக்கு இந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள் போலந்தைச் சேர்ந்த ரஃபாயல் விசோட்ஸ்கியும் இந்தியாவைச் சேர்ந்த விரேஷ் குமாரும்.

சரி, பிறகு நான் ஏன் ஏமாந்தேன்? இன்டெல் மெஷின்களில் பெரும்பாலும் ஓடுவது இன்டெல் பிஸ்டேட் என்ற தனி டிரைவர். 2013இல் கேர்னல் 3.9ஓட வந்தது. அது தன் அக்டிவ் மோடில் இருக்கும்போது இரண்டே இரண்டு பெயர்தான் காட்டும்: பெர்ஃபாமன்ஸ், பவர்சேவ். பெயர் பழசு, அர்த்தம் வேறு. இங்கே பவர்சேவ் என்றால் அடியில் கட்டி வைப்பது இல்லை. வேலைக்கு ஏற்ப ஏறி இறங்குவது. 2015க்குப் பிறகு வந்த ஸ்கைலேக் வகைச் சிப்களில் அநேகமானவை வேகத்தைத் தாங்களே முடிவு செய்யும். கேர்னல் ஒரு சாடைதான் காட்டும்: "உனக்கு வேகம் முக்கியமா, மிச்சம் பிடிக்கிறது முக்கியமா?" அந்தச் சாடை 0இல் இருந்து 255 வரை ஒரு இலக்கம். 0 என்றால் வேகம், 255 என்றால் சிக்கனம். ஆகவே "பவர்சேவ்" என்று கண்ட உடனே அதன் கழுத்தைப் பிடிக்காதேங்கோ. பெரும்பாலும் அது நிரபராதி.

திரும்பவும் மாமி வீட்டுக்கு வருவோம். கவர்னர் பிழை இல்லை. சூடு? சென்சர் 38 பாகை என்றது. இடியப்பம் அவிக்கவே காணாது. மெஷின் சூடேறித் தன்னைத்தானே குறைக்கவும் இல்லை. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மகளைப் பார்த்து, "இரவிரவா கேம் விளையாடிப் பழுதாக்கிப்போட்டாள்" என்றா. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் மூலையில் ஒரு இலக்கம் கண்ணில் பட்டது. பற்றரி 34 வீதம்.

"இது எப்பவும் 34ஆ?"

"ஓம் அண்ணா. சார்ஜ் ஏறவே மாட்டுது. வயரைக் கழட்டப் பயமா இருக்கு, நிண்டுபோகும் எண்டு."

வயரைக் கழற்றினேன். மூன்று செக்கன். 2.7 கிகாஹேர்ட்ஸ். திறக்காமல் சுற்றிக்கொண்டு நின்ற பக்கம் எல்லாம் படபடவென்று திறந்தது. திரும்ப வயரைக் குத்தினேன். 400.

ஊரில் பெரிய மரத்தேர் பார்த்தவர்களிடம் கேளுங்கோ. இங்கே பிறந்த நாங்கள் ஆவணியில் லாச்சப்பல்ல மாணிக்க விநாயகர் தேரைப் பார்த்து வளர்ந்தவர்கள். வடம் பிடித்து இழுக்கிறவர்கள்தான் எங்கட கண்ணுக்குத் தெரிவார்கள். ஆனால் ஊரில் சில்லுக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிற ஒருத்தர் இருப்பார். அவர் கட்டையை வைத்தால், நூறு பேர் இழுத்தாலும் தேர் அசையாது. கவர்னர் வடம் பிடிக்கிறவர். நான் அவரோட சண்டை பிடித்துக்கொண்டு இருந்தேன். முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருந்தது.

புரோசஸரில் புரோக்ஹொட் என்று ஒரு சமிக்ஞை இருக்கிறது. "எனக்குச் சுடுது" என்று சிப் சொல்வதற்கு வைத்தது. ஆனால் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். மதர்போர்டும் அந்தக் கம்பியை இழுத்து "மெதுவா போ" என்று கட்டளை போடலாம். இந்த லப்டொப்பின் சார்ஜர் முனையில், நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று மெஷினுக்குச் சொல்வது அதன் வழியாகத்தான். பழைய சார்ஜர் தை மாதம் வயர் பிய்ந்துபோக, மாமி 12 யூரோவுக்கு ஒன்று வாங்கியிருந்தா. முனை பொருந்தியது. ஊசி பேசவில்லை. யார் என்று தெரியாத சார்ஜரை நம்பி மெஷின் முழுக் கரண்ட் இழுக்காது. பற்றரியை ஏற்றாது, சிப்பையும் அடியில் கட்டிப்போடும். இது நடப்பது கேர்னலுக்கும் கீழே. அதனால்தான் அனுமதி 2.8 என்று காட்டியது, நடப்பு 400 ஆக இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணேக்க ஏதாவது மெசேஜ் வருதா?" என்று கேட்டேன்.

"ஓ, அதுவா? கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஏதோ வரும். என்டர் அடிச்சால் போயிடும்."

ஒரு மாதமாக ஒவ்வொரு நாளும் மெஷின் விடையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது!

இப்ப ஒரு உண்மையைச் சொல்லவேணும். சிப்புக்குள் ஒரு ரெஜிஸ்டரில் ஒரேயொரு பிட்டை மாற்றினால், மதர்போர்டின் கட்டளையைச் சிப் காதில் போடாது. லினக்ஸில் ஒரு வரியில் செய்யலாம். எனக்குக் கை துருதுருத்தது. தங்கச்சிக்கு முன்னால் ஒரு கொமாண்ட் அடித்து, மெஷின் பறக்க, நான் ஹீரோவாக நின்றிருக்கலாம். ஆனால் அந்த சார்ஜரை அவள் கட்டிலில் வைத்துத்தான் படிக்கிறாள், இரவு முழுக்கக் குத்தி வைத்துவிட்டுத் தூங்குகிறாள். 65 வாட் என்று ஸ்டிக்கர் சொன்னது. ஸ்டிக்கரில் என்னவும் அடிக்கலாம். முட்டுக்கட்டையை எடுப்பதற்கு முதல், அதை ஏன் வைத்தார்கள் என்று யோசிக்கவேணும். தேர் சரிவில் நிற்கிறதோ என்னவோ.

பிட்டைத் தொடவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது ஒருத்தரிடம் அதே மொடலுக்கான பழைய ஒரிஜினல் சார்ஜரை 18 யூரோவுக்கு வாங்கினேன். ஆர்.இ.ஆர் டியில் வரும்போது சென்-டெனியைக் கடந்தோம். அங்கே ஒரு டேட்டா சென்டரின் சூட்டைக் குழாய் வழியாக எடுத்துத்தான் 2024 ஒலிம்பிக்குக்குக் கட்டிய நீச்சல் தடாகத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரு புரோசஸர் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியேறும். அங்கே அது தடாகத்துக்குப் போகிறது. எங்கட வீட்டில் மெத்தைக்குத்தான் போகும்.

சார்ஜரைக் குத்தினோம். கறுப்பு ஸ்கிரீன் மெசேஜ் வரவில்லை. 35 வீதம். 36. வேகம் தேவைக்கு ஏறி, வேலை முடிய இறங்கியது. நான் மாற்றிய பெர்ஃபாமன்ஸைத் திரும்பப் பவர்சேவ் ஆக்கினேன். அந்தப் பைல்களில் எழுதுவது ரீஸ்டார்ட் பண்ணினால் அழிந்துவிடும். அதனால பவர் புரொபைல்ஸ் டீமன் என்ற சின்ன புரோகிராமிடம் பொறுப்பைக் கொடுத்தேன். சிக்கனம், சமநிலை, வேகம் என்று மூன்று தெரிவு. அவள் சமநிலையில் விட்டிருக்கிறாள்.

உங்கட வீட்டிலும் ஒரு மெஷின் தவழ்ந்தால், எறிய முதல் இந்த ஒழுங்கில் பாருங்கோ. முதல் நடப்பு வேகம். பிறகு அனுமதித்த உச்சம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சூடு. சூடும் இல்லாவிட்டால் வயரைக் கழற்றிப் பாருங்கோ. கவர்னரில் கை வைப்பது கடைசி. நான் தலைகீழாகச் செய்து ஒரு மணித்தியாலம் வீணாக்கினேன்.

மாமி புது லப்டொப் வாங்கவில்லை. "கேம் விளையாடினாய்" என்று பேசினதுக்கு மகளிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. எங்கட அம்மாமார் கேட்பார்களா? ஆனால் அன்று இரவு மகளுக்குப் பிடித்த கணவாய்க் கறி மணம் படியெல்லாம் வந்தது. எனக்கும் ஒரு பாத்திரம் வந்தது.

தங்கச்சி விருப்பங்களை நேரத்துக்குப் பதிந்துவிட்டாள். போன ஞாயிறு ஒரு மெசேஜ் போட்டாள்: "அண்ணா, க்ரான் ஓராலுக்கு என்.எஸ்.ஐ கேள்வி ரெடி. ஒரு புரோசஸர் ஏன் தன்னைத் தானே மெதுவாக்குது?" ஷெட்யூலர் ஏற்கனவே அவளின்ர பாடத்திட்டத்தில் இருக்கு. மிச்சத்தைத் தான் பார்ப்பாளாம். தேர் உதாரணத்தைப் பிரெஞ்சில எப்படிச் சொல்லுறது எண்டு மட்டும் கேட்டிருக்கிறாள்.

யாருக்காவது முட்டுக்கட்டைக்குப் பிரெஞ்சில நல்ல சொல் தெரிந்தால், இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.