தோல்வியும் வஞ்சனையும்: இணையச் சூதாட்டப் பொறி பற்றிய ஒரு கணித நோக்கு

நளன் புட்கரனோடு சூதாடி நாடிழந்தமை ஊழ்வலியாலோ வஞ்சனையாலோ என வினவின், மகாபாரதம் தரும் விடை ஐயத்துக்கு இடமற்றது. கலி நளனைப் பற்றினான்; துவாபரன் கவற்றினுட் புகுந்தான். எனவே உருண்ட காய் நேர்மையான காயன்று. ஆயின், ஆடிக்கொண்டிருந்த நளனுக்கு அஃது எவ்வாறு புலப்படும்? அவன் கண்டது தோல்விகளின் தொடர் ஒன்றே. பின்னாளில் இருதுபன்னன், தான்றிமரத்தின் இலைகளையும் காய்களையும் ஒவ்வொன்றாய் எண்ணாது கணித்துக் கூறி, அவ்வெண்ணறிவோடு கவற்றின் மறையையும் நளனுக்குக் கற்பித்தான் என்பது கதை. எண்ணறிவும் சூதறிவும் ஒருங்கு வைத்துக் கூறப்பட்டமை கருதத்தக்கது.

இன்று கைத்தொலைபேசியிற் சூதாட்டப் பொறியைச் சுழற்றிச் சம்பளப் பணத்தை இழந்தவனும் நளனின் வினாவையே வினவுகின்றான். வஞ்சிக்கப்பட்டேன் என்று கருதுபவன் வேறொரு தளத்தை நாடுகின்றான். வாய்ப்புக் கெட்டது என்று கருதுபவன் வாய்ப்புத் திரும்பும் என்று அதே தளத்திற் காத்திருக்கின்றான். இருவரும் ஆட்டத்தை விட்டாரல்லர். இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது விடையொன்று உண்டு என்பதை இருவருமே நோக்குவதில்லை.

பொறியின் வரலாறு இவ்விடத்திற் சிறிது அறியவேண்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சான் பிரான்சிஸ்கோ நகரிற் சாள்ஸ் பே என்பவர் அமைத்த ‘லிபேர்ட்டி பெல்’ என்னும் பொறி மூன்று சில்லுகளை உடையது. ஒவ்வொரு சில்லும் பத்து இடங்களில் நிற்கக்கூடியது. எனவே விளையத்தக்க நிலைகள் 1000. சில்லிலுள்ள உருக்களை எண்ணிப் பார்க்க வாய்ப்புடையவன் தன் வெற்றியின் நிகழ்தகவைத் தானே கணித்தல் கூடும். இந்நிலையை மாற்றியது 1984 இல் இங்கே தெல்னேஸ் என்பவர் அமெரிக்காவிற் பெற்ற புத்தாக்க உரிமம். அதன்படி, கணினி முதலில் எழுமாற்றாக ஓர் எண்ணைத் தெரிவு செய்யும்; அவ்வெண்ணுக்குரிய இடத்திற் சில்லு பின்னர் நிறுத்தப்படும். பெரும்பரிசுக்குரிய உருவுக்கு ஓர் எண்ணும், வெற்றிடத்துக்குப் பல எண்களும் ஒதுக்கலாம். கண்ணுக்குத் தோன்றும் சில்லு அன்று முதல் ஆட்டத்தின் காரணமன்று. முடிவை அறிவிக்கும் காட்சி மாத்திரமே. ‘ஓரிடத்தாற் பரிசு தவறிற்று’ என்று ஏங்குதற்கு அடிப்படை யாதுமில்லை என்பது இதனாற் பெறப்படும். இணையவழிப் பொறியிலோ சில்லென்பதே இல்லை. அதன் படம் மட்டும் உண்டு. ஆதலால் திரையிற் கண்டதைக் கொண்டு நேர்மையை அளத்தல் இயலாது. எண்களையே நாடல் வேண்டும்.

பிரித்தானியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வெற்றிவாய்ப்புப் பற்றிய தகவலை ஆடுவோர்க்குத் தருதல் வேண்டும். பெரும்பாலும் அது மீள்கொடுப்பு வீதமாகவே தரப்படுகின்றது. நூற்றுக்கு 96 வீதம் என்று காணும் ஒருவர், தாம் கொண்டுசென்ற 100 பவுணில் 96 பவுண் தமக்கு மீளும் என எண்ணுவர். அஃது பிழை. அவ்வீதம் கைமுதலுக்கு உரியதன்று. பணயமாக வைத்த மொத்தத் தொகைக்கு உரியது. வென்றதை மீண்டும் மீண்டும் பணயம் வைப்பவரின் கைமுதல் முழுதாக ஒருமுறை சுற்றிவருந்தோறும் சராசரியில் நூற்றுக்கு நான்கு குறையும். பதினேழு முறை சுற்றியதும் அது பாதியாகும். இதில் வஞ்சனையும் இல்லை, வாய்ப்பின்மையும் இல்லை. ஆட்டத்தின் விலை அது. மேற்கூறிய மூன்றாவது விடை இதுவே.

இனி, ஒருவர் விலைக்கு மேலும் இழந்தால் அதனை எங்ஙனம் மதிப்பது? விளக்கத்தின் பொருட்டு எளிய பொறியொன்றைக் கற்பனை செய்தல் தகும். பணயம் ஒரு பவுண்; ஐம்பதில் ஒரு வாய்ப்பில் 48 பவுண் கிடைக்கும்; ஏனைய சுழற்சிகளில் ஒன்றும் இல்லை. மீள்கொடுப்பு 96 வீதம். ஒரு சுழற்சியின் நியம விலகல் ஏறத்தாழ 6.7 பவுண். ஆயிரம் சுழற்சியில் எதிர்பார்க்கும் நட்டம் 40 பவுண். நியம விலகலோ 212 பவுண். நட்டத்திலும் ஐந்து மடங்கு பெரிய ஊசலாட்டம் இது. எனவே முற்றும் நேர்மையான இப்பொறியில் ஆறு பேரில் ஒருவர் 250 பவுணுக்கு மேல் இழப்பர்; நூற்றுவரில் நாற்பத்து நால்வர் இலாபத்தோடு எழுவர். இருநூறு சுழற்சி தொடர்ந்து தோற்றல் நம்பத்தகாததாகத் தோன்றலாம். ஆயின் ஆயிரம் சுழற்சி ஆடுவோருள் நான்கில் ஒருவர் அதனைக் காண்பர். நூறாயிரம் சுழற்சியின் பின் நிலைமை வேறு: அப்பொழுது இலாபத்தோடு நிற்போர் நூற்றுவரில் மூவரே.

அறிவிக்கப்பட்டது 96, உண்மையிற் கொடுப்பது 92 எனின், அவ்வஞ்சனையை நட்டத்தைக் கொண்டு நிறுவ எத்தனை சுழற்சி வேண்டும்? வேறுபாடு நியம விலகலின் மும்மடங்காக வளர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம். பிரித்தானிய விதிப்படி 2021 ஒக்டோபர் 31 முதல் ஒரு சுழற்சி 2.5 விநாடிக்குக் குறைதல் ஆகாது. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் இடைவிடாது சுழற்றினும் 88 நாட்கள் செல்லும். பொறி நேர்மையானதென்று ஈற்றில் முடிவாயின், அம்முடிவை அறிதற்குச் செலுத்திய கூலி பத்தாயிரம் பவுணாக இருக்கும். வெற்றிகளின் எண்ணிக்கையை மட்டும் சோதித்தல் இதனினும் மலிவானது. 5000 சுழற்சியில் 100 வெற்றி எதிர்பார்க்கப்படும். எழுபதுக்குக் குறையின் ஐயுறலாம். ஆனால் வெற்றி எத்தனைக்கு ஒன்று என்பதை நிறுவனம் வெளியிட்டிருந்தாலன்றி இச்சோதனை கைகூடாது.

சோதிப்பவர் எத்தனை சுழற்சி என்பதை முன்னரே வரையறுத்தல் இன்றியமையாதது. தோற்றுச் சினந்த பின்னர் ஏட்டைத் திறப்பவர், தோல்விமிக்க பகுதியையே தெரிந்தெடுத்தவராவர். இலட்சம் பேர் ஆடுமிடத்து, ஆயிரத்தில் ஒன்றாய அவப்பேறு நூறு பேருக்கு வாய்க்கும்; முறையிடுவோர் அந்நூற்றுவரே. பதிவுகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டனவல்ல. கார்ல் பியர்சன் 1894 இல், பத்திரிகையில் வெளிவந்த மொன்ரே கார்லோ உருளைச் சூதின் முடிவுகளை ஆராய்ந்தார். சிவப்பும் கறுப்பும் தொடர்ந்து வரும் முறை நிகழ்தகவு விதிக்குச் சற்றும் இயையாமை கண்டு, அவ்வாட்டம் வாய்ப்பின்பாற்பட்டதன்று என முடிவு செய்தார். பத்திரிகையாளர் மேசையைப் பாராமலே எண்களைப் புனைந்து எழுதியிருக்கலாம் என்பது பின்வந்தோர் தந்த விளக்கம்.

வஞ்சனை இல்லையென்பது இதன் பொருளன்று. நெவாடாவிற் பொறிகளைச் சோதிக்கும் சபையிற் பணியாற்றிய ரொனால்ட் ஹாரிஸ் என்பவரே பொறிகளின் நிரலில் மறைவழி புகுத்தினார். 1995 இல் அவர் அகப்பட்டது தோற்றவர் முறையீட்டாலன்று. கூட்டாளி வென்ற பெருந்தொகையின் மீது எழுந்த ஐயத்தால். 2007 இல் ஓர் இணையச் சீட்டாட்டத் தளத்தில் எதிராளியின் சீட்டுகளைக் காணவல்ல கணக்கு இருந்தமை, ஆட்டப் பதிவுகளை ஆடினோர் ஒப்புநோக்கியதால் வெளியாயிற்று. அங்குப் பதிவு முழுமையாகக் கிடைத்தமையே நீதிக்கு வழிவிட்டது. ஒருவர் ஐயுறுங்கால், இழந்த தொகையினும் ஆராயத்தக்கவை இவை: தளத்துக்கு உரிமம் உண்டா, முழுப் பதிவையும் கேட்டாற் கொடுக்கின்றதா, வென்றதைத் தடையின்றி வழங்குகின்றதா என்பன.

ஈற்றில் உள்ளது சிறிதன்று. 2018 சனவரியில் ஆங்கிலேயர் ஒருவர் இணையவழிச் சீட்டாட்டமொன்றில் 17 இலட்சம் பவுணுக்கு மேல் வென்றார். மென்பொருளிற் பிழை நேர்ந்ததெனக் கூறி நிறுவனம் பணத்தை மறுத்தது. தன் நிபந்தனை ஏட்டையே சான்றாகக் காட்டியது. அந்நிபந்தனைகள் தெளிவாகவும் கண்ணிற் படும்படியாகவும் உணர்த்தப்படவில்லை என்று கண்ட இலண்டன் உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.